தூங்கும் வண்டியும் தூங்காத பெட்ரோலும்

வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நின்றிருக்கிறீர்களா? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காக டி லனாய் என்ற தளபதி கருங்கல்லில் வலுப்படுத்திய கோட்டை இது. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரிதான் இந்த டி லனாய். பிறகு, வென்ற மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்தார். அது தனிக் கதை. இன்றைக்கு நாம் மலைப்பக்கம் திரும்பிப் பார்ப்போம். வடக்கே நீலமாக நீளும் அந்தத் தொடரில்தான் மகேந்திரகிரி இருக்கிறது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோ உந்துவிசை வளாகம். ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களை அசையாமல் பூட்டி வைத்து, எரித்துச் சோதிக்கும் இடம்.

அந்த இஸ்ரோவுக்கு ஒருமுறை பெரிய கவலை ஒன்று வந்தது. 2013 நவம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் கிளம்பியது. டிசம்பர் 1-ஆம் தேதி அதன் முக்கிய எஞ்சின் எரிந்து, விண்கலத்தைச் செவ்வாய் நோக்கித் தள்ளிவிட்டு அணைந்தது. அதன் பிறகு அந்த எஞ்சினுக்கு வேலை இல்லை. ஏறக்குறைய 300 நாள் தூக்கம். செவ்வாயை நெருங்கும்போது அது மறுபடி எரிந்தால்தான் விண்கலத்தின் வேகம் குறையும். எரியாவிட்டால் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். இத்தனை நாள் எரிபொருளில் ஊறிய குழாயும் வால்வும் ஒழுங்காக வேலை செய்யுமா? அந்தக் கவலையால்தான் எரிபொருள் போவதற்கு இரண்டாவது பாதை ஒன்றையும் முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி சுமார் 4 நொடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது! 24-ஆம் தேதி சுமார் 23 நிமிடம் எரிந்து, மங்கள்யானைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நமக்குப் பக்கத்து நெல்லைச் சீமைக்காரர்.

இப்போது கோட்டையை விட்டு இறங்கி ஊருக்குள் வாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுச் சாய்ப்புகளில் பாட்டாவின் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். மாமா வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது பெட்ரோலோடு அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருப்பார். லீவில் வந்து கிக்கரை மிதிப்பார். சத்தமே வராது. மறுபடி மிதிப்பார். வேர்த்து ஒழுகும். மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் பழசாப் போச்சு" என்பார்.

விண்வெளியில் 300 நாள் தூங்கிய எஞ்சின் எழுந்தது. வீட்டில் அதே அளவு தூங்கிய எஞ்சின் ஏன் எழவில்லை?

காரணம் காற்று. மங்கள்யானின் எரிபொருள் வேறு வகை, நம் பெட்ரோல் வேறு வகை என்பது உண்மைதான். ஆனால் பெரிய வேறுபாடு, மங்கள்யானின் டேங்க் இறுக மூடிய கலம். வெளிக்காற்று உள்ளே நுழைய வழியே இல்லை. புல்லட்டின் டேங்க் மூடியிலோ காற்று போக ஒரு சிறு துளை வேண்டும். அது இல்லாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓடும் வண்டி வழியில் நின்றுவிடும். ஓடும்போது உதவுகிற அந்தத் துளைதான் வண்டி நிற்கும்போது பெட்ரோலைக் கெடுக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெட்ரோல் என்பது ஒரே ஒரு பொருள் இல்லை, பிள்ளைகளே. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அதில் கலந்திருக்கின்றன. 4 கார்பன் அணு கொண்ட சின்ன மூலக்கூறும் உண்டு, 12 கார்பன் அணு கொண்ட பெரிய மூலக்கூறும் உண்டு. சின்னவை லேசானவை. 35 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பெரியவை கொதிக்க 200 டிகிரிவரை வேண்டும். திரவப் பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா மூலக்கூறும் ஆவியாகிவிடும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் முதல் உதையிலேயே ஆவியாகிப் பொறியைப் பிடிப்பவை அந்தச் சின்ன மூலக்கூறுகள்தான். டேங்க் மூடியின் துளை வழியே முதலில் பறந்து போவதும் அவைதான்! டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, குலுக்கினால் சத்தமும் கேட்கிறது. ஆனால் வண்டியை எழுப்ப வேண்டியவர்கள் வீட்டில் இல்லை.

வெளியே போனவர்களைப் பார்த்தோம். உள்ளே வருபவர் ஆக்சிஜன். பெட்ரோலில் சில மூலக்கூறுகளில் கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும். ஆக்சிஜனுக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கே ஒட்டிக்கொண்டு பெராக்சைடு என்ற சேர்மத்தை உண்டாக்கும். அது அடுத்த மூலக்கூறைத் தூண்டும், அது அதற்கடுத்ததை. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிப் பிசினாக மாறும். இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். குத்துவிளக்கைப் பல நாள் துலக்காமல் விட்டால் எண்ணெய் வழிந்த தண்டில் பழுப்பாக ஒரு பிசுக்கு பிடித்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் போகாது, புளி போட்டுத் தேய்க்க வேண்டும். ஊற்றும்போது வழுக்கி ஓடிய நல்லெண்ணெய்தான் அப்படி ஒட்டிக்கொண்டது. எண்ணெயிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அங்கேயும் ஆக்சிஜன் செய்த வேலை இதேதான்.

பெட்ரோல் எவ்வளவு நேரம் ஆக்சிஜனை எதிர்த்து நிற்கும் என்று அளக்க ஓர் அழகான சோதனை இருக்கிறது. கெட்டியான உலோகக் கலத்தில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றுவார்கள். அதில் நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தைப்போல் 7 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை அடைப்பார்கள். கலத்தை 100 டிகிரி சூட்டில் வைத்துவிட்டு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முள் அசையாமல் நிற்கிறதா, பெட்ரோல் நல்லாயிருக்கிறது. முள் சட்டென்று இறங்கத் தொடங்கினால் பெட்ரோல் ஆக்சிஜனை விழுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குறைந்தது 360 நிமிடமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்காகவே சுத்திகரிப்பு ஆலையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைக் கலக்கிறார்கள். அவை சங்கிலி தொடங்கும் இடத்திலேயே குறுக்கே விழுந்து மறிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை மறிக்கும்போதும் கொஞ்சம் செலவாகும். எல்லாம் தீர்ந்த பிறகு பிசின் வளர்வதைத் தடுக்க ஆள் இல்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வேதிவினைகளில் பல, சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நடப்பவை.

இந்தப் பிசின் எங்கே போய் உட்காரும் தெரியுமா? புல்லட்டின் கார்புரேட்டரில். டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் கார்புரேட்டரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தில் நிற்கும். அங்கிருந்து ஜெட் என்ற பித்தளைத் துண்டின் நடுத்துளை வழியே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கும். எஞ்சினை எழுப்பும்போது வேலை செய்யும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடுத்த முறை மெக்கானிக் அதைக் கழற்றும்போது கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல ஜெட் என்றால் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி, நட்சத்திரம்போல் தெரியும். பழைய பெட்ரோல் காய்ந்த ஜெட்டில் ஒன்றும் தெரியாது. அல்லது அந்தப் புள்ளி மஞ்சளாக மங்கி, ஓரம் கோணலாகத் தெரியும். கம்பியை விட்டுக் குத்தி எடுக்கச் சிலருக்குக் கை பரபரக்கும். பித்தளை மென்மையானது. கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் தேவைக்கு மேல் பெட்ரோல் போகும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்து எடுப்பதுதான் சரி.

துளை வழியே ஆக்சிஜன் மட்டும் வரவில்லை. நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது? ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்களில் விளையும் கல் உப்பைக் கொஞ்சம் எடுத்து இரண்டு குப்பிகளில் போடுங்கள். ஒன்றை இறுக மூடி, இன்னொன்றைத் திறந்து, கடற்காற்று வரும் ஜன்னலில் வையுங்கள். மழைக்காலம் என்றால் திறந்த குப்பியின் உப்பு சீக்கிரமே நசநசத்துப்போகும். அந்தத் தண்ணீர் முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

பகலில் டேங்க் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து துளை வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினம் ஒரு மூச்சு. இழுத்த ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மழைத்தண்ணீரும் கசிந்து இறங்கும். காற்றின் ஈரத்தைவிட வேகமாகக் கெடுப்பது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிராம்வரைதான். ஆகவே தண்ணீர் அடியில் போய்த் தங்கும். டேங்கின் அடித் தகரம் துருப்பிடிக்கும். பெட்ரோல் டேப்பும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால் இது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமானது. இன்று பங்கில் போடுவது பெரும்பாலும் அதுதான். வெளிநாட்டிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதைக் குறைக்கிறது, விவசாயிக்கும் வருமானம் தருகிறது. நல்ல நோக்கம்தான். ஓடிக்கொண்டே இருக்கும் புது வண்டிக்குச் சிக்கல் இல்லை. தூங்கும் பழைய வண்டிக்குத்தான் சிக்கல், ஏனென்றால் எத்தனாலுக்குத் தண்ணீரின்மேல் ஆசை அதிகம். பெட்ரோலோடும் சேரும், தண்ணீரோடும் சேரும். லிட்டருக்குச் சில மில்லி தண்ணீர்வரை மூன்றும் ஒன்றாகவே இருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த எல்லை தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்விடும். கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தால் நடுவில் ஒரு கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரியும். கீழே இருக்கும் அடுக்கில் எஞ்சின் ஒழுங்காக ஓடாது, அது உலோகத்தை அரிக்கவும் செய்யும். மேலே இருக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து தரம் குறைந்துவிடும். குளிர்ந்த இரவில் இந்தப் பிரிவு இன்னும் எளிதாக நடக்கும்.

பழைய வண்டிகள் பிறந்த காலத்தில் எத்தனால் பெட்ரோலை யாரும் எண்ணியிருக்கவில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் புல்லட் செய்தபோது போட்ட ரப்பரும் கார்க்கும் அந்தக் காலப் பெட்ரோலுக்கு ஏற்றவை. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளும் அப்படியே. எத்தனாலில் ஊறினால் பழைய ரப்பர்கள் உப்பும், அல்லது காய்ந்து வெடிக்கும்.

சரி, மாமா ஊருக்குக் கிளம்புகிறார். என்ன செய்யச் சொல்லலாம்? எதிரி டேங்குக்குள் இருக்கும் காற்று என்று தெரிந்துவிட்டதால் விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒன்று, காற்றுக்கு அதிக இடமில்லாமல் பெட்ரோலை நிரப்ப வேண்டும். இல்லையென்றால் கெட்டுப்போகப் பெட்ரோலே இல்லாமல் செய்ய வேண்டும். பாதி டேங்கோடு நிறுத்துவதுதான் மிக மோசம். பெட்ரோலும் இருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டிய காற்றும் தாராளமாக இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றால் நிரப்பிவிடலாம். புதுப் பெட்ரோல் வேண்டும். கழுத்துவரை நிரப்பவும் கூடாது. பெட்ரோல் சூட்டில் விரியும். 14 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடானால் கால் லிட்டருக்குமேல் பெருகிவிடும். கொஞ்சம் இடம் விடாவிட்டால் வெயில் ஏறியதும் வழியும். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலந்த ஸ்டெபிலைசர் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் புதுப் பெட்ரோலில் ஊற்றினால் பலன் உண்டு. கெட்ட பெட்ரோலை எதுவும் நல்லதாக்காது.

வருடக்கணக்கு என்றால் காலி செய்வதே மேல். நம் கடற்கரையில், எத்தனால் பெட்ரோலோடு, வேறு வழியை நான் சொல்லமாட்டேன். ஆனால் காலி டேங்கின் உள்பக்கம் ஈரக்காற்றில் துருப்பிடிக்குமே! அதற்குக் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு, டேங்கை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்ற வேண்டும். தகரம் முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் பிடித்துக்கொள்ளும்.

எப்படி நிறுத்தினாலும் கார்புரேட்டர் காலியாக இருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், கிண்ணத்தில் உள்ளதைக் குடித்து முடித்துத் தானாகவே அணையும். மிச்சச் சொட்டைக் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் திறந்து வடிக்கலாம். டேங்கில் லிட்டர் கணக்கில் இருப்பது கெட மாதங்கள் ஆகும். கிண்ணத்தில் இருப்பது சில ஸ்பூன்தான், அது சீக்கிரமே காய்ந்து ஜெட்டில் ஒட்டிவிடும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாததால்தான் பாதி வண்டிகள் மெக்கானிக் கடைக்குப் போகின்றன என்பேன்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்போடு செய்யும் காரியம், ஆனால் வண்டிக்குக் கெடுதல். பெட்ரோலின் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 900 மில்லி தண்ணீர் உண்டாகிறது! நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் எல்லாம் ஆவியாகிப் போய்விடும். இரண்டு நிமிடத்தில் சைலன்சர் சூடாவதில்லை, ஆகவே அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவாக்கும். ஓட்டுவதானால் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விடலாம். போர்த்துவதற்கும் பாலித்தீன் தாள் வேண்டாம், ஈரத்தை அடைத்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் போர்வை நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வேலை எதையும் நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. பெரியவர்கள் செய்யும்போது தள்ளி நின்று பாருங்கள். பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போய்விடும். ஆகவே திறந்த வெளியில்தான் வடிக்க வேண்டும். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அவர்களைத் தடுங்கள். ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் அங்கே புண்ணாகி மூச்சே திணறும், உயிருக்கே ஆபத்து. கையால் அழுத்தும் பம்ப் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வடித்த பழைய பெட்ரோலை ஓடையிலோ குளத்திலோ ஊற்றவும் கூடாது. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். மூடிய கேனில் மெக்கானிக்கிடம் கொடுத்தால் பாகங்களைக் கழுவ எடுத்துக்கொள்வார்.

மாமா திரும்பி வந்ததும் டேங்கில் பூசிய எண்ணெயைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி வடிக்க வேண்டும். பிறகு புதுப் பெட்ரோல் 2 லிட்டர் போதும். கார்புரேட்டருக்குப் போகும் டியூபை மடக்கிப் பார்த்து, விரிசல் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு டேப்பைத் திறக்கலாம். திறந்ததும் கிக்கரை மிதிக்க ஓடாமல் டேப்பின் அடியைக் கவனியுங்கள். பழைய டேப்பின் கார்க் இத்தனை நாள் காய்ந்து சுருங்கியிருக்கும், அதனால் முதலில் கசியலாம். கசிந்தால் எஞ்சினைத் தொடாமல் டேப்பை மூடி, கார்க்கைக் கழற்றி ஊறவைத்து மாட்டுவார்கள். அதற்குப் பிறகும் சொட்டினால் புதுக் கார்க் போட்ட பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.